காளான் பை வாங்குவதற்கு முன்: பினாங்கில் அடுக்குமாடியிலும் தோட்டத்திலும் வளர்க்கத் தொடங்குவோருக்கு

ஆயர் ஈத்தாமில் ஏழாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்கட்டில், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, முதல் தடவை நான் அடுக்கி வைத்த காளான் பைகள், அதாவது காளான் வித்து ஏற்றிய மரத்தூள் பைகள், 50. அதற்குக் குறைவாகக் கொண்டுவந்து தர முடியாது என்று விற்றவர் சொன்னார். நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். இரண்டாவது வாரத்தில் நான்கே நாட்களில் ஏறக்குறைய 5 கிலோ காளான் விளைந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்டை வீடுகளுக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்தது போக எஞ்சியது வாடி, குப்பைக்குப் போனது. அடுத்த மாதம் பாதிப் பைகளில் பச்சைப் பூசணம், மீதிப் பைகளைச் சுற்றிச் சிறு ஈக்கள், போதாக்குறைக்கு நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். ஏறக்குறைய 270 ரிங்கிட் செலவழித்து நான் கற்றுக்கொண்டவற்றை நீங்கள் செலவில்லாமல் தெரிந்துகொள்வதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் காளான் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பினாங்கில் இரவில் சுமார் 24 பாகை செல்சியஸும் பகலில் 32 பாகையும் இருக்கும். இந்தச் சூட்டில் எது தானாக வளருமோ அதைத்தான் புதியவர் தொட வேண்டும். கடையில் அதிகம் விற்கும் வெள்ளை மொட்டுக் காளானுக்குக் காய்க்கும் பருவத்தில் 15 முதல் 18 பாகை வரையிலான குளிர் வேண்டும். குளிரூட்டி இல்லாமல் அது இங்கே நடக்காது. ஷிட்டாக்கே, சிங்கப்பிடரிக் காளான் ஆகியவற்றின் வளர்ப்புப் பெட்டிகள் இணையக் கடைகளில் அழகான படங்களோடு வருகின்றன. அவையும் பெரும்பாலும் குளிரை விரும்புபவை என்பதால், முதல் ஆண்டில் அவற்றை வாங்காதீர்கள்.

தொடங்குவதற்கு ஏற்றது சாம்பல் நிறச் சிப்பிக் காளான். மலாய்க்காரர்கள் இதைச் செண்டாவான் தீராம் கெலாபு என்பார்கள். விதையேற்றிய மரத்தூள் பைக்குப் பொங்கா என்று பெயர். இந்த இரண்டு சொற்களையும் சொல்லிக் கேட்டால் விற்பவருக்கு உடனே புரியும். வெள்ளைச் சிப்பி, இளஞ்சிவப்புச் சிப்பி, குரங்குக்காதுக் காளான் ஆகியவையும் நம் வெப்பத்தைத் தாங்கும். பால் காளானுக்கு வெப்பம் இன்னும் பிடிக்கும். ஆனால் காளானின் வேர்போன்ற வெண்ணிற இழை பரவிய பையின் மேல் தூய்மைப்படுத்திய மண்ணைப் பரப்பி ஈரமாக வைத்திருக்க வேண்டிய கூடுதல் வேலை அதற்கு உண்டு. அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பால் காளான் என்றதும் ஒரு எச்சரிக்கை. கோயம்புத்தூரிலிருந்து உறவினர் யாராவது வரும்போது இரண்டு பொட்டலம் வித்து கொண்டுவரச் சொல்லலாமே என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வரும், எனக்கும் வந்தது. உயிருள்ள பூசண வித்தையும் வளர்ப்பு ஊடகத்தையும் இறக்குமதி அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் அதற்காகவே இருக்கிறது, விமான நிலையத்தில் அதைக் கவனிக்கத் தனி அதிகாரிகளும் இருக்கிறார்கள். உள்நாட்டிலேயே வாங்குங்கள்.

2. இடத்தையும் அனுமதியையும் சரிபாருங்கள்

காளானுக்கு வெயில் படாத, காற்று வந்து போகிற, தரை நனைந்தாலும் கெடாத ஓர் இடம் வேண்டும். செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். அடுக்குமாடியில் துணி உலர்த்தும் பின்கட்டு இதற்குப் பொருந்தும். அது மேற்கு பார்த்ததாக இருந்தால் நிழல்வலை ஒன்று கட்ட வேண்டியிருக்கும். படுக்கையறையில் வைக்கவே கூடாது. முற்றிய காளான் வெண்மையான நுண்தூளை உதிர்க்கும், அது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் என் மகனுக்கு இரவில் இருமல் தொடங்கிய பிறகுதான் நான் இதைக் கவனித்தேன்.

வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை காலியாகத்தானே இருக்கிறது என்று அங்கே அலமாரி போடாதீர்கள். நிர்வாக அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது இதற்காகத்தான். பின்கட்டில் இடம் போதாமல் 12 பைகளை நடைபாதையில் வைத்திருந்தேன். அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி நடைபாதை எல்லாருக்கும் பொதுவான சொத்து. அதை அடைக்கவும் கூடாது, உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் ஈயோ நாற்றமோ பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையாகவும் கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வரியாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். சுவரில் ஈரம் ஏறியது என்று வைப்புத்தொகையில் பிடிக்க வரும்போது அது கைகொடுக்கும்.

சொந்தச் சாப்பாட்டுக்கு வளர்ப்பதற்கு வணிக உரிமம் எதுவும் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் நிலைமை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

3. செலவைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்

இரண்டாவது முறை நான் செலவழித்த கணக்கு இது. 15 பைகள், பை 3 ரிங்கிட் வீதம் 45. பழைய இரும்பு அலமாரி 40. கொசுவலைத் துணி 18. கைத்தெளிப்பான் 6. ஈரப்பதமானி 15. மொத்தம் 124 ரிங்கிட். பையின் விலை இடத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறும். கூரியரில் வரவழைத்தால் அனுப்பும் கூலியே பையின் விலையைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், நேரில் போய் எடுத்து வருவதே லாபம்.

வரவையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 800 கிராம் எடையுள்ள ஒரு நல்ல பை, மூன்று நான்கு மாதங்களில் மூன்று அல்லது நான்கு சுற்றுகளாக மொத்தம் 200 முதல் 250 கிராம் வரை தரும். 15 பைக்கு மூன்று கிலோ என்று வையுங்கள். அதைச் சந்தை விலைக்குப் போட்டுப் பார்த்தால் பைகளுக்குக் கொடுத்த பணம் திரும்பும். அலமாரிக்கும் வலைக்கும் போட்ட முதலை எடுக்க இன்னும் சில தடவை வளர்க்க வேண்டும். எனவே பணம் மிச்சமாகும் என்று எண்ணி இதில் இறங்காதீர்கள். பறித்த ஒரு மணி நேரத்தில் சட்டியில் விழுகிற காளானின் ருசிக்காக இறங்குங்கள்.

4. பைகளைத் தவணை தவணையாக வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் விதையேற்றி ஒரே நாளில் திறந்த பைகள் ஒரே வாரத்தில்தான் காய்க்கும், பிறகு எல்லாம் ஒன்றாகவே ஓய்வெடுக்கும். ஆகவே மொத்தமாக வாங்கினால் ஒரு வாரம் வெள்ளம், மூன்று வாரம் வறட்சி என்று ஆகும். மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு முதலில் 8 பை, மூன்று வாரம் கழித்து இன்னொரு 8 பை என்று வாங்குங்கள். குறைந்தது 50 என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், நண்பர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் பங்கு போடுங்கள். அதுவும் இயலாவிட்டால் வாங்கிய பைகளை மூடியோடே நிழலில் வைத்து, ஐந்தைந்தாகத் திறக்கலாம். மூடிய பை சில வாரங்கள் பொறுத்திருக்கும்.

வாங்கும்போது ஒவ்வொரு பையையும் கையில் எடுத்துப் பாருங்கள். பையின் உள்ளே இருப்பது ரப்பர் மரத்தூள், தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு. பொதுவாக 100 பங்கு தூளுக்கு 10 பங்கு தவிடும் 1 பங்கு சுண்ணாம்பும் கலந்து, நீராவியில் பல மணி நேரம் வேகவைத்து, ஆறிய பின் வித்துப் போடுவார்கள். வித்துப் போட்ட 30 முதல் 40 நாட்களில் வெண்ணிற இழை வாயிலிருந்து அடிவரை பரவிவிடும். அப்படி முழுதும் வெளுத்த, அமுக்கினால் கெட்டியாக இருக்கிற பையே நல்ல பை. எங்காவது பச்சை, கறுப்பு, ஆரஞ்சுப் புள்ளி இருந்தாலோ, அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ எடுக்க வேண்டாம். சிலர் ஒரு சுற்றுக் காய்த்து முடிந்த பையை மூடி போட்டுப் புதியதுபோல விற்பதும் உண்டு. கையில் வழக்கத்தைவிட இலேசாகத் தெரிவதும், வாயருகே பழுப்பேறிய அடித்தண்டு ஒட்டியிருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ரசீதில் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: காளானின் வகை, வித்துப் போட்ட தேதி, எண்ணிக்கை. பாதிப் பைகள் கெட்டுப்போய் நான் திரும்பக் கேட்டபோது, விற்றவர் நான் வைத்திருந்த முறைதான் தவறு என்றார். தேதி எழுதாத ரசீதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. வாங்கிய பைகளைக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்திச் சாப்பிடப் போகாதீர்கள். மூடிய காரின் சூட்டில் இழை செத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

எந்த மாதம் வாங்குவது என்பதும் முக்கியம். நம்மவர்களுக்குக் காளான் அதிகம் தேவைப்படுவது புரட்டாசியில். செப்டம்பர் நடுவில் தொடங்கும் அந்த மாதம் பினாங்கில் மழைக்காலத்தில் விழுவதால் காளானுக்கும் அதுவே நல்ல பருவம். திறந்த பை முதல் காளானைத் தர 10 முதல் 14 நாள் ஆகும் என்பதால், ஆகஸ்டு கடைசியில் பை வீட்டில் இருக்க வேண்டும். தைப்பூச விரதத்துக்கு என்று திட்டமிடுவது கடினம். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைந்து வறண்ட காற்று வீசுவதால், மொட்டுகள் விரிவதற்கு முன்பே காய்ந்துவிடும். அந்த இரண்டு மாதங்களில் பாதி எண்ணிக்கை போதும்.

5. அடுக்கி, ஓய்வு கொடுத்து, திறந்துவிடுங்கள்

பைகளைப் படுக்க வைத்து, வாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி அடுக்குங்கள். ஐந்து வரிசைக்கு மேல் ஏற்றினால் நடுவில் சூடு தங்கும். சுவருக்கும் பைக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றும் போகும், பின்னால் பல்லியும் கரப்பானும் குடியேறாமல் பார்த்துக்கொள்ளவும் முடியும். அலமாரியைச் சுற்றிக் கொசுவலைத் துணியை இப்போதே கட்டிவிடுங்கள், ஈ வந்த பிறகு கட்டினால் ஈக்களை உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும்.

பயணத்தில் குலுங்கிய பையை உடனே திறக்காமல் இரண்டு மூன்று நாள் விட்டுவைப்பது நல்லது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பையின் கழுத்தைத் துடைத்து, மூடியையும் அதனுள் இருக்கும் பஞ்சையோ காகிதத்தையோ மட்டும் எடுங்கள். கழுத்து வளையம் அப்படியே இருக்கட்டும். பிளேடால் பையின் பக்கங்களிலும் கீறிவிட்டால் நிறையக் காய்க்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீறிய இடமெல்லாம் ஈரம் வெளியேறவும் பூசணம் நுழையவும் வழியாகும். திறந்த தேதியைப் பையின் மேலேயே மையால் எழுதிவிடுங்கள்.

6. தண்ணீரைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள்

புதியவர்களின் பைகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தண்ணீரால் சாகின்றன. எங்கள் அத்தை ஒருமுறை வந்திருந்தபோது, நான் காலையிலும் மாலையிலும் பைகளின் வாய்க்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்சுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பச்சப் புள்ளயக்கூட இவ்வளவு தண்ணி ஊத்திக் குளிப்பாட்ட மாட்டாங்களே," என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனால் வாயில் தேங்கிய நீரில் மொட்டுகள் மஞ்சளாகி, விரல் பட்டாலே வழுக்கும்படி அழுகியதை அடுத்த வாரம் பார்த்தபோது அவர் சொன்னது புரிந்தது.

ஈரம் காற்றில் இருக்க வேண்டும், பைக்குள் ஊற்றக் கூடாது. ஈரப்பதமானி 80 முதல் 90 விழுக்காடு வரை காட்டினால் போதும். இதற்குத் தரையையும் சுவரையும் நனைத்துவிடலாம். அலமாரியின் இரு பக்கமும் நனைத்த சணல் சாக்கைத் தொங்கவிடலாம். தெளிப்பானைப் பயன்படுத்தினால் துளி கண்ணுக்குத் தெரியாத பனிபோல மேல்நோக்கி அடித்து, அது தானாக இறங்கும்படி செய்யுங்கள். மழை நாளில் ஒரு முறையே அதிகம். வறண்ட மாதங்களில் மூன்று முறை தேவைப்படலாம்.

காற்று போதவில்லை என்றால் காளானே சொல்லிவிடும். தண்டு நீண்டு குடை சிறுத்து, நாதஸ்வரம் மாதிரி வளர்ந்தால் அங்கே கரியமிலவாயு தேங்கியிருக்கிறது என்று பொருள். ஈரம் தங்கட்டும் என்று அலமாரி முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றியவர்களுக்கு இதுதான் நேரும். மாறாக, குடையின் ஓரம் வெடித்துக் காய்ந்திருந்தால் காற்று நேரடியாக மோதுகிறது, விசிறியைத் திருப்பிவையுங்கள்.

ஈரத்துக்காகத் தட்டில் தண்ணீர் நிரப்பி அலமாரிக்கு அடியில் வைப்பது பினாங்கில் செய்யவே கூடாத வேலை. ஒரு வாரத்தில் அதில் ஏடிஸ் கொசுப் புழு நெளியும். சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் அதைப் பார்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் அபராதம் உங்கள் கையில் இருக்கும். அதாவது 160க்கும் மேற்பட்ட பைகளின் விலை.

7. சரியான நாளில் பறியுங்கள்

திறந்த ஐந்து முதல் பத்து நாளுக்குள் பையின் வாயில் குண்டூசித் தலைகள்போலச் சாம்பல் நிற மொட்டுகள் கூட்டமாகத் தெரியும். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். மூன்றாம் நாள் காலையில் சுண்டுவிரல் நகத்தின் அளவில் இருக்கும் குடை, இரவில் அதைப்போல் இரண்டு மடங்காகி, மறுநாள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த சிப்பிகளாக நிற்கும். இந்தக் கடைசி ஒன்றரை நாளில் வீட்டைவிட்டு வெளியூர் போனால் அறுவடை போய்விடும்.

குடையின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி மடிந்திருக்கும்போதே பறிக்க வேண்டும். ஓரம் தட்டையாகி மேல்நோக்கித் திரும்பிவிட்டால் அது முற்றிவிட்டது. கீழ்வரிசைப் பைகளில் மாவு தூவியதுபோல வெள்ளைத் தூள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். பறிப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே தெளிப்பதை நிறுத்துங்கள், நனைந்த காளான் ஒரு நாள்கூடத் தாங்காது. கத்தியால் வெட்டக் கூடாது. கொத்து முழுவதையும் அடியோடு பிடித்து மெல்லத் திருகினால் கையோடு வந்துவிடும். தண்டின் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அது அழுகி ஈயை அழைக்கும் என்பதால், சிறுகரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பறித்ததைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் இருக்கும். இறுக்கமாகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வியர்த்து நாறிவிடும். பச்சையாகச் சாப்பிடாதீர்கள், நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டல் செய்வோம், தண்ணீர் சேர்க்கத் தேவையே இல்லை.

அறுவடைக்குப் பின் பையின் வாயை மூடியால் இலேசாக மூடி 7 முதல் 10 நாள் விட்டுவிடுங்கள். பிறகு திறந்து, மேலாகப் பழுப்பேறிய பகுதியைச் சுரண்டி, முன்போலவே கவனித்தால் இரண்டாவது சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் விளைச்சல் குறையும். நான்காவதுக்கு மேல் நான் காத்திருப்பதில்லை.

8. கெட்ட பையைப் பார்த்த அன்றே வெளியேற்றுங்கள்

பச்சைப் பூசணம் முதலில் வெள்ளையாகத்தான் தோன்றும், அதனால் காளான் இழை என்றே ஏமாந்துவிடுவோம். இரண்டு நாளில் நடுவிலிருந்து பச்சையாகும்போதுதான் தெரியும். ஆரஞ்சு நிறப் பொடியாகப் பூக்கும் பூசணம் அதைவிட மோசமானது. ஒரு பையில் பூத்தால் காற்றில் பறந்து மற்றப் பைகளின் வாயிலெல்லாம் ஒட்டும். இரண்டில் எதைக் கண்டாலும், கெட்ட இடத்தை மட்டும் கிள்ளியெடுத்துப் பையைக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஈரத்துணியால் பையின் வாயை மூடி, குப்பைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அன்றே கீழே கொண்டுபோய்ப் போடுங்கள். அலமாரியின் பக்கத்தில் நின்று பையைப் பிரித்துப் பார்க்கவே கூடாது.

சிறு கறுப்பு ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை போதும். பூச்சிமருந்து அடிக்க வேண்டாம், அது நேரே நம் வயிற்றுக்குத்தான் வரும்.

9. தோட்டம் உள்ளவர்கள் வைக்கோல் காளானை முயன்று பாருங்கள்

மண்தரை உள்ள வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. தாசேக் குளுகோரில் உள்ள அத்தை வீட்டின் பின்புறம், மாமரத்து நிழலில் நாங்கள் இதைச் செய்கிறோம். வைக்கோல் காளானுக்கு 30 முதல் 35 பாகை வரை சூடு தேவை. வித்துப் போட்ட இரண்டு வாரத்துக்குள் பறித்துவிடலாம். செபராங் பிறையில் நெல் அறுவடை முடிந்த வாரங்களில் வைக்கோல் எளிதாகக் கிடைக்கும். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொன்னிறமாக உலர்ந்ததையே கேளுங்கள்.

வைக்கோலைக் கைப்பிடிக் கட்டுகளாகக் கட்டி, ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வடியவிடுங்கள். பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழ வேண்டும். செங்கல் வைத்து உயர்த்திய பலகையின் மேல் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கட்டுகளை நெருக்கமாக அடுக்கி, ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி வித்தைத் தூவி, அதன்மேல் குறுக்காக அடுத்த வரிசையை வையுங்கள். இப்படி நான்கு வரிசை. மேலே ஏறி நின்று மிதித்து அமுக்கி, பிளாஸ்டிக் தாளால் முழுவதும் மூடிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திறந்து, மேலாக நீர் தெளித்துவந்தால், பத்தாவது நாளையொட்டிப் பக்கங்களில் புறா முட்டை அளவில் காளான் எழும்.

முட்டை வடிவில் இருக்கும்போதே பறிக்க வேண்டும், உறை கிழிந்து குடை விரிந்தால் ருசி போய்விடும். காலையில் முட்டையாக இருந்தது மாலையில் விரிந்து நிற்கும் என்பதால் ஒரு நாளில் இரண்டு முறை பார்க்க ஆள் வேண்டும். இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது என்று எண்ண வேண்டாம். மிகுந்த குளிரில் இது நீர்விட்டுக் குழைந்துவிடும், அன்றைக்கே சமைத்துவிட வேண்டிய காளான் இது.

தோட்டத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. நாம் விதைக்காத காளானும் அதே படுக்கையிலும் அதைச் சுற்றியும் முளைக்கும். மெலிந்த தண்டோடு முளைத்து ஒரே நாளில் மைபோலக் கரையும் காளானைப் பிடுங்கி எறியுங்கள். மழைக்குப் பின் புல்தரையில் வெள்ளைக் குடைகளாக நிற்கும் ஒருவகைக் காளான், முற்றினால் குடையின் அடிப்பக்கம் பச்சையாகும். அது கடும் வாந்திபேதியை உண்டாக்கும். இன்னும் சில கொடிய நச்சுக் காளான்கள் இளம்பருவத்தில் வைக்கோல் காளானைப் போலவே முட்டை வடிவில் இருக்கும். ஆகவே வைக்கோலின் மேல் வளர்ந்ததைத் தவிர, மண்ணிலிருந்து வந்த எதையும், எவ்வளவு ஒத்திருந்தாலும், சட்டியில் போடாதீர்கள். சந்தேகப்படும் காளானைச் சாப்பிட்டுவிட்டால் மருத்துவமனைக்குப் போகும்போது மிச்சக் காளானையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. மருத்துவர்கள் அவர்களைக் கேட்டுக்கொள்ள முடியும்.

10. விற்பதானால் தாள்களை முதலில் முடியுங்கள்

மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதோடு நின்றால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை. வாரந்தோறும் விலைக்குக் கொடுக்கத் தொடங்கினால் அது வணிகம். எஸ்.எஸ்.எம். என்று நாம் அழைக்கும் மலேசிய நிறுவன ஆணையத்தில், வணிகத்தைத் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். அடையாள அட்டையை வைத்துக்கொண்டு இணையத்திலேயே முடித்துவிடலாம். சிப்பிக் காளான் விற்பதற்கு ஆடம்பரப் பெயர் ஒன்றும் அவசியமில்லை என்பது என் கருத்து; 30 ரிங்கிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சந்தையிலோ இரவுச் சந்தையிலோ இடம்போட்டு விற்க, தீவில் பினாங்கு மாநகர் மன்றத்தின் உரிமமும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் உரிமமும் தேவை. காளானைச் சமைத்தோ ஊறுகாயாகவோ விற்பதானால் உணவு கையாள்வோர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி, 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி சீட்டு ஒட்டுதல் என்று வேலை பெருகும். பயிற்சிக்கும் ஊசிக்கும் தனித்தனி நாள் ஒதுக்க வேண்டும், விழாக்கால விற்பனைக்கு முந்திய வாரத்தில் போய் நின்றால் நடக்காது. இவை வேண்டாம் என்றால் சமைக்காத காளானாகவே விற்றுவிடுங்கள்.

11. காய்த்து ஓய்ந்த பைகள்

நான்கு மாதத்துக்குப் பின் பை சுருங்கி, பாதி எடையாகிவிடும். பச்சைப் பூசணம் படாத பைகளின் பிளாஸ்டிக்கைக் கிழித்து, உள்ளே உள்ள தூள் கட்டியை நிழலான மண்ணில் பாதி புதைத்து, மேலே வாழைச்சருகு மூடி நனைத்துவைத்தால், மழைக்காலத்தில் இன்னொரு கொத்துக் காளான் தரும். நாங்கள் புதைத்தவற்றில் மூன்றில் ஒன்று அப்படித் தந்தது. பிறகு அது மக்கி வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் உரமாகிவிடும். மாடி வீட்டுக்காரர்கள் அதை உதிர்த்து, பூந்தொட்டி மண்ணோடு கலந்து இரண்டு மாதம் மூடிவைத்த பிறகு பயன்படுத்தலாம். கழுத்து வளையங்களையும் மூடிகளையும் எறிந்துவிடாமல் கழுவிக் காயவைத்து எடுத்துப்போனால், சில விற்பனையாளர்கள் வாங்கிக்கொண்டு அடுத்த பைகளின் விலையில் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள்.